மருதாயி சியானில் வாங்கிய குதிரை

என் மனைவி மருதாயி என்னை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் கண்டுபிடித்தாள். சீன தேசத்தில், சியான் நகரத்துக் காட்சியகத்தில், ஜனங்கள் குசுகுசுவென்று பேசிக்கொண்டு நகர்கிற கூடத்தில் நின்று, "ஏங்க! இங்கிட்டு வாங்க! ஒங்களைப் புடிச்சு உள்ள வச்சிருக்காங்க!" என்று கத்தினாள். கூடமே திரும்பிப் பார்த்தது.

போய்ப் பார்த்தேன். முழங்கால் உயரத்தில் சுட்ட மண்ணில் செய்த ஒரு ஆள். மேலே கண்ணாடி மாதிரிப் பளபளப்புப் பூச்சு. குதிரைக்காரனாம். முகத்தில் பாதி மூக்கு, மீதி தாடி. தொப்பைக்குக் கீழே கச்சை. ஒரு கையை மடக்கி முன்னால் நீட்டி, இடுப்பைச் சற்று ஒடித்து, மேலே எதையோ பார்த்தபடி நிற்கிறான். பஸ் வராத ஸ்டாப்பில் நான் நிற்கிற லட்சணம் அப்படியே அதுதான். இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்தில் நின்ற சீனப் பெரியவர் ஒருவர் பொம்மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், திரும்பவும் பொம்மையைப் பார்த்தார். பிறகு என் தோளில் கை போட்டு ஒரு செல்பி எடுத்துக்கொண்டு போனார்.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மருதாயி முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து வாயே திறக்கவில்லை. அவள் பேசாமல் இருந்தால் வீட்டில் கரண்ட் போன மாதிரி எனக்கு. ஆகவே என்னைப் பொம்மை என்றால் என்ன, பூதம் என்றால்தான் என்ன, கரண்ட் வந்துவிட்டதே என்று சந்தோஷமாக இருந்தது.

அவள் யார் என்று சொல்லாமல் சீனாவுக்குப் போய்விட்டேன். கீரமங்கலத்தில் பஸ் இறங்கி, மருதாயி பூக்கடை என்று கேட்டால் கேட்டவரைக் கையைப் பிடித்துக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீடும் கொல்லையும். மல்லிகை, முல்லை, கனகாம்பரம் எங்கள் கொல்லையிலேயே பூக்கும். பற்றாததற்கு அடுத்தவர் கொல்லைப் பூவையும் விலை பேசி வாங்குவாள். நான் லோடு ஆட்டோ வைத்திருக்கிறேன். ஏற்றுவது அவள் பூ, இறக்குவது அவள் கடை. ஆகச் செல்லமுத்து ஆகிய நான் சொந்தத் தொழில் செய்வதாக வெளியே சொல்லிக்கொண்டு அவளிடம் வேலை பார்க்கிறேன்.

இன்னொரு வேலையும் உண்டு. மாலை நேரத்தில் நான் பேப்பர் படிக்க நாற்காலியில் உட்கார்ந்தால் போதும், பூ கட்டுகிற நூலின் ஒரு முனையை என் கால் கட்டைவிரலில் மாட்டிவிட்டு, கீழே உட்கார்ந்து சரசரவென்று கட்டத் தொடங்குவாள். கல்யாணமான மறுவாரம் ஆரம்பித்தது. நூல் விறைப்பாக நிற்க வேண்டும், ஆகவே நானும் விறைப்பாக இருக்க வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடச் சண்டை. முறைப்பேன், முனகுவேன், காலை மட்டும் இழுத்துக்கொள்ள மாட்டேன்.

எங்களுக்கு ஒரே மகள், பிரகதீஸ்வரி. சியானில் டாக்டருக்குப் படிக்க அனுப்பினோம். போன கொஞ்ச நாளில் கொரோனா வந்தது. ஊருக்கு ஓடி வந்தாள். சீனாக்காரன் கதவைச் சாத்திவிட்டான். நோயாளியைத் தொட்டுப் பார்த்துப் படிக்க வேண்டிய பாடத்தை என் மகள் மாடியில் சிக்னல் தேடிக்கொண்டு செல்போனில் படித்தாள். வருடக்கணக்கில் அப்படியே ஓடியது. பாதி டாக்டர் என்று ஊரில் கேலி பேசினார்கள். ஒருநாள் மருதாயி அய்யனார் கோவிலுக்குப் போய் நேருக்கு நேர் நின்றாள். "எம்மகளைத் திரும்ப அங்கிட்டுக் கொண்டு சேரு. முழு டாக்டரா வெளிய கொண்டா. அடுத்த புரவி எடுப்புல ஒனக்கு ஒரு குதிரை," என்றாள். புரவி எடுப்பு என்றால், நேர்ந்துகொண்ட மண்குதிரைகளை ஊர்வலமாகத் தூக்கிப்போய் அய்யனாருக்கு வைக்கிற திருவிழா. கும்பிட்டாளா, மிரட்டினாளா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான். கதவு திறந்தது. பிரகதீஸ்வரி போனாள், படித்தாள், முடித்தாள். பட்டம் வாங்குவதைப் பார்க்க நாங்கள் இரண்டு பேரும் ஆனி மாதம் பிளேன் ஏறினோம்.

அங்கே போய்ச் சேர்ந்தபிறகு ஊர்த் தலைவரான அம்பலம் முத்துராமன் போன் செய்தார்.

"மருதாயி, தள்ளித் தள்ளிப் போன புரவி எடுப்புக்கு நாள் குறிச்சாச்சு. ஆடியில எடுப்பு. வெள்ளிக்கிழமை பிடிமண்ணு."

வெள்ளிக்கிழமைதான் மகளுக்குப் பட்டம். பிடிமண் என்பது எங்கள் ஊரில் விளையாட்டில்லை. குதிரை நேர்ந்துகொண்டவர்கள் அன்றைக்குக் கண்மாயில் இறங்கி, தங்கள் கையால் ஒரு பிடி மண் அள்ளி, மண்பாண்டம் செய்கிற வேளார் கையில் கொடுக்க வேண்டும். அந்த மண்ணைச் சேர்த்துப் பிசைந்துதான் அவர் குதிரை செய்வார். மண் கொடுக்காதவர்களுக்குக் குதிரை கிடையாது.

"எம்பேரைச் சொல்லி நீங்க ஒரு கை அள்ளிக் குடுத்துருங்க அம்பலாரே."

"நேந்தவங்க கைதான் அள்ளணும். ஒனக்குத் தெரியாததா? அடுத்த எடுப்புல பாத்துக்கலாம்."

மழையில்லை, வழக்கு, கொரோனா என்று தள்ளிக்கொண்டே போய், கடைசி எடுப்பு நடந்தே பல வருடம் ஆகிறது. அடுத்தது எப்போது என்று அய்யனாருக்கே தெரியாது. மகள் கறுப்பு அங்கியும் தொப்பியுமாக மேடையேறிப் பட்டம் வாங்கியபோது மருதாயி கை தட்டினாள், அழுதாள், போட்டோவுக்குச் சிரித்தாள். சாயங்காலம் வாயை மூடியவள்தான், மறுநாள் காட்சியகத்தில் என்னைப் பார்த்துத்தான் திறந்தாள்.

குதிரைக்காரனுக்கு அடுத்து அவன் குதிரை நின்றது. மருதாயி அதைப் பார்த்ததும் என்னை மறந்தாள். கழுத்தை வளைத்து, காதை நிமிர்த்தி, முதுகில் சேணத்தோடு நிற்கிறது. தேன் நிறம் மேலிருந்து ஒழுகிவந்து பச்சையோடு கலந்து வெள்ளையில் போய் நிற்கிறது.

"பிரகதி, இது நம்ம அய்யனார் குதிரைல்ல? இங்க எப்புடி வந்துச்சு? ஏன் சாயமெல்லாம் இப்புடி வழிஞ்சு கெடக்கு?"

"சான்சாய்னு சொல்லுவாங்கம்மா. மூணு நெறம்னு அர்த்தம். தாங் ராஜாக்க காலம், ஆயிரத்து முந்நூறு வருஷம் இருக்கும். பூச்சுல ஈயம் கலந்திருக்கும். சூளையில உருகி அதுபாட்டுக்கு ஓடும். எங்க போயி நிக்கும்னு செஞ்சவனுக்கே தெரியாது."

"அப்ப இந்த ஆளு மூஞ்சி மட்டும் ஏன் வெறும் மண்ணா இருக்கு?"

"மூஞ்சியில பூசுனா உருகி ஓடி கண்ணு மீசையெல்லாம் அழிஞ்சிரும்ல? அதான் அதை மட்டும் விட்டுட்டு, சுட்ட பெறகு கலர் தொட்டு எழுதுவாங்க."

"கண்ணைக் கடைசியிலதான் தெறந்திருக்காக," என்றாள் மருதாயி. "நம்ம வேளாரு மாதிரியே."

பிரகதீஸ்வரி நிறையச் சொன்னாள். நல்ல குதிரைகள் மேற்கே பாலைவனம் தாண்டி வந்தனவாம், அவற்றோடு வந்த அயலூர்க் குதிரைக்காரர்களுக்குத்தான் இந்த மூக்கும் தாடியுமாம். நீட்டிய கைக்குள் ஒரு ஓட்டை. அதில் கடிவாளக் கயிறு இருந்து மக்கிப்போயிருக்கும் என்றாள். பெரிய மனிதர்கள் செத்தால் குதிரை, ஒட்டகம், பாட்டுக்காரர்கள் என்று செய்து கூடவே புதைப்பார்களாம். நூறு வருடத்துக்கு முன்னால் ரயில் பாதைக்குத் தோண்டியபோது வெளியே வந்ததை, சமாதிச் சாமான் வீட்டுக்கு ஆகாது என்று ஜனங்கள் போட்டு உடைத்தார்களாம். நான் எல்லாவற்றையும் வாய் பிளந்து கேட்டேன். மருதாயி காதில் ஒன்றும் ஏறவில்லை. அவள் பெட்டியை வலம் வந்துகொண்டிருந்தாள்.

அன்றைக்கே கடைத்தெருவுக்குப் போனோம். அச்சு அசல் அதே குதிரை, புதிதாகச் செய்தது, வரிசை வரிசையாக விற்றார்கள். கடைக்காரப் பெண் கால்குலேட்டரில் ஒரு எண்ணைத் தட்டினாள். மருதாயி அதை வாங்கி அழித்துவிட்டு வேறொன்றைத் தட்டினாள். அவள் சீனத்தில் அழ, இவள் தமிழில் அழ, இரண்டு பேரும் ஒரே ஊர்க்காரிகள் மாதிரி ஆகிவிட்டார்கள். மருதாயி வேண்டாமென்று எழுந்து நடந்தாள். கடைக்காரப் பெண் ஓடிவந்து முந்தானையைப் பிடித்தாள். கடைசியில் குதிரையைத் தனியாகத் தரமாட்டேன், குதிரைக்காரனையும் சேர்த்துத்தான் என்று நின்றாள்.

"குதிரை மட்டும் போதும்டி, அந்த ஆளு எதுக்கு?" என்றேன்.

"ஜோடியப் பிரிக்கப்படாதுங்க," என்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு இரண்டையும் வாங்கினாள்.

ராஜாவுக்குக் குதிரை வாங்கப் போனவர் கையிலிருந்த பணத்தில் கோவில் கட்டிவிட்ட கதையை ஆவுடையார்கோவிலில் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். என் மனைவி பட்டம் பார்க்கப் போய்க் குதிரை வாங்கினாள். மகளின் சான்றிதழ்கள் கைக்கு வரும்வரை மூன்று வாரம் தங்கிவிட்டு, மூன்று பேருமாக ஊர் திரும்பினோம். இரண்டு பிளேன். குதிரை அவள் மடியில். குதிரைக்காரன் என் மடியில். என்னை நானே மடியில் தூக்கி வைத்துக்கொண்டு வந்தவன் இந்த மாவட்டத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். சாப்பாடு கொடுத்த பெண் அதை மேலே வைக்கட்டுமா என்று கேட்டதற்கு மருதாயி குதிரையை முந்தானையால் மூடிக்கொண்டாள். ஒரு கீறல் இல்லாமல் திருச்சி வந்து இறங்கியது. இடுப்பு பிடித்துக்கொண்டது எனக்குத்தான்.

ஊரே எங்கள் வீட்டில். தொட்டுப் பார்க்கிறவர்கள், தட்டிப் பார்க்கிறவர்கள், வீடியோ கால் போட்டுத் துபாய்க்குக் காட்டுகிறவர்கள். மருதாயி ஒவ்வொருவரிடமும், "அய்யனாருக்குக் குதிரை வந்திருச்சு," என்று சொல்லிக் காபி கொடுத்தாள். பிரகதீஸ்வரிக்கும் உற்சாகம் தாங்கவில்லை. காட்சியகத்தில் சொன்னதையெல்லாம் முதலிலிருந்து ஆரம்பித்தாள். பாலைவனம், ஈயம், சூளை என்று போய்ச் சமாதியில் வந்து நிறுத்தினாள். குதிரையைத் தடவிக்கொண்டிருந்த கைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் பின்னால் போயின. இரண்டு பேர் குளிக்கப் போய்விட்டார்கள்.

அம்பலம் முத்துராமன் காபியைக் கீழே வைத்தார்.

"என்னா மருதாயி, பொணத்தோட பொதைக்கிற சாமானைச் சாமிக்குக் குடுப்பியா?"

"இது யாரோட சமாதியிலேருந்தும் வரல அம்பலாரே. போன மாசம் சுட்டது. நம்ம பக்கம் மட்டும் என்ன, தோண்டுற எடத்துலயெல்லாம் தாழி தாழியா வருது. அந்த மண்ணுலதான கடலை போட்டுத் திங்கிறோம்?"

"சரி, அது போகட்டும். பிடிமண்ணு குடுத்தியா?"

மருதாயி காபித் தம்ளர்களைப் பொறுக்கத் தொடங்கினாள். "அப்பறம் என்ன பேச்சு? இது நம்ம மண்ணு இல்ல. எடுப்புல வரக்கூடாது," என்று அம்பலம் எழுந்து போனார். கூட்டமும் போனது.

மருதாயி குதிரையை முந்தானையால் துடைத்தாள். துடைத்துக்கொண்டே அழுதாள். நான் அவள் அழுது அதிகம் பார்த்ததில்லை. 

"சாமிக்கு இது போதும்னு நம்ம மனசுல இருந்தா போதாதா?" என்றேன்.

"வாக்குக் குடுத்தேங்க. அவரு செஞ்சிட்டாரு. நான் செய்யலைன்னா? நாளைக்கு இவ ஒரு உசுருல கை வைக்கிறப்ப அவரு கூட நிக்க வேணாமா?"

பிரகதீஸ்வரி, "சாரிம்மா, நாந்தான் ஒளறிட்டேன்," என்று அவள் தோளில் சாய்ந்தாள். மருதாயி மூக்கை உறிஞ்சிவிட்டுக் குதிரையை இடுப்பில் தூக்கிக்கொண்டாள். "வண்டிய எடுங்க. வேளாரு சொல்லட்டும். குதிரை பத்தி அவருக்குத் தெரியாததா?"

ஆண்டிச்சாமி வேளார்தான் குதிரை செய்கிறவரும் அய்யனாருக்குப் பூசாரியும். அவர் வீட்டு முற்றத்தில் சூளையிலிருந்து எடுத்த குதிரைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றும் என்னை விட உயரம். சுண்ணாம்பு அடிக்க வேண்டியதுதான் பாக்கி. விஷயம் கேள்விப்பட்டு அம்பலமும் பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்துவிட்டார்.

வேளார் சீனக் குதிரையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒழுகின நிறத்தின் மேல் விரலை ஓட்டினார். அவர் முகம் பண்டிகைக்குப் புதுச்சட்டை கிடைத்த பிள்ளை மாதிரி ஆகிவிட்டது.

"எத்தனை தடவை சுட்டான்?"

"ரெண்டு தடவைங்க. மொதல்ல மண்ணை. அப்பறம் பூச்சோட," என்றாள் பிரகதீஸ்வரி.

"பாத்தீங்களா அம்பலாரே, எங்காளு அங்கயும் இருந்திருக்கான்!" என்று வேளார் குதித்தார். பிறகு மருதாயியைப் பார்த்துக் குரலை இறக்கினார். "குதிரையில குத்தமில்ல ஆத்தா. மண்ணுதான் நம்மது இல்ல. நான் என்ன பண்ணட்டும்?"

சொல்லிவிட்டு அவர் பாதியில் விட்ட வேலைக்குத் திரும்பினார். பெரிய குதிரை ஒன்றின் கால் சூளையில் விண்டிருந்தது. ஈர மண்ணை எடுத்து விண்ட இடத்தில் அப்பி வழித்தார். மருதாயி அதையே பார்த்தாள்.

"அது என்ன மண்ணு வேளாரே?"

"பிடிமண்ணுல மிச்சம். எடுப்பு முடியுறவரைக்கும் ஈரம் காயாம வச்சிருப்பேன். தூக்கிட்டுப் போறப்ப எங்கயாவது ஒடைஞ்சா ஒட்டணும்ல?"

"ஒட்டுன குதிரையச் சாமி ஏத்துக்குவாரா?"

"தாராளமா. இந்த மண்ணு ஒட்டிருச்சுன்னா அப்பறம் அது அவரு குதிரைதான்."

அவர் வாயை மூடுவதற்குள் மருதாயி அவர் பக்கத்தில் கிடந்த, பானை தட்டுகிற பலகையை எடுத்தாள். குதிரையை மடியில் இடுக்கிக்கொண்டு காதில் ஒரே ஒரு தட்டு. டக். இரண்டு பிளேன் ஏறி, முந்தானைக்குள் மூடிக் கொண்டுவந்த காது துள்ளிப் போய் அம்பலத்தின் செருப்புக்குப் பக்கத்தில் விழுந்தது.

"ம்மா!" என்று பிரகதீஸ்வரி அலறினாள். 

"ஒடைஞ்சிருச்சு வேளாரே," என்றாள் மருதாயி, மூச்சு வாங்க. "ஒட்டிக் குடுங்க."

காதுபோன இடத்தில் உள்ளே வெள்ளை மண் தெரிந்தது.  பிறகு வேளாருக்குச் சிரிப்பு வந்தது. தொடையில் தட்டித் தட்டிச் சிரித்தார். அம்பலம் மட்டும் விடவில்லை. "வேளாரே, பிடிமண்ணுக்கு நாள் போச்சு!"

"பிடிமண்ணுக்குத்தான் நாளு. ரிப்பேருக்கு நாள் ஏது அம்பலாரே?" என்றார் வேளார். "ஆத்தா, நேந்தது நீ. ஒங்கையால அள்ளிக் குடு."

மருதாயி ஈரமண் குவியலில் கையை விட்டு ஒரு பிடி அள்ளினாள். இரண்டு கையாலும் ஏந்தி வேளாரிடம் கொடுத்தாள்.  அவர் அதில் ஒரு கிள்ளு எடுத்து உருட்டி, நீட்டி, வெள்ளை மண்ணின்மேல் அழுத்திக் காது வைத்தார். எங்கள் கண்மாயின் கறுத்த மண் காது. அம்பலம் கிட்டத்தில் வந்து அந்தக் காதைப் பார்த்தார். குனிந்து, தன் செருப்புக்குப் பக்கத்தில் கிடந்த சீனக் காதை எடுத்து வேட்டி முனையில் துடைத்து பிரகதீஸ்வரி கையில் கொடுத்தார். "பத்திரமா வச்சுக்க டாக்டரு," என்றார். அவ்வளவுதான் அவர் சம்மதம்.

எடுப்பு அன்றைக்கு ஊர் ஊராகக் கூட்டம். கொட்டும் குலவையும் காதைப் பிளந்தன. வேளார் ஒவ்வொரு குதிரைக்கும் கண் திறந்தார். சீனக் குதிரைக்குக் கண் ஏற்கெனவே திறந்துதான் இருந்தது, ஆனாலும் மையைத் தொட்டு ஒரு புள்ளி வைத்து, "இப்பத்தான் நம்ம ஊரைப் பாக்குது," என்றார். பெரிய குதிரைகளை மூங்கில் கட்டி ஆண்கள் தோளில் தூக்கினார்கள். மருதாயி தன்னுடையதைக் கனகாம்பரத்தில் சுற்றித் தலைமேல் தூக்கிக்கொண்டு ஆடிக்கொண்டே போனாள். கூட்டத்தில் பாதி அவளைத்தான் செல்போனில் பிடித்தது.

பாதி வழியில் மழை. ஆடியில் இப்படி ஒரு மழையை நான் கண்டதில்லை. ஜனம் கத்திக் கூத்தாடியது. பெரிய குதிரைகளில் சுண்ணாம்பும் காவியும் ஒழுகித் தூக்கினவர்கள் தோளெல்லாம் வழிந்தது. சீனக் குதிரை கழுவிவிட்ட மாதிரி மின்னியது. அப்போதுதான் மருதாயி வீரிட்டாள். "காது! ஏங்க, காது! அது சுடாத மண்ணு!"

ஒரு கையால் குதிரையைப் பிடித்தபடி இன்னொரு உள்ளங்கையால் அந்தக் காதைப் பொத்தினாள். நான் துண்டை அவிழ்த்து அவள் கைக்கு மேலே பிடித்தேன். பிரகதீஸ்வரி அந்தத் துண்டுக்கு மேலே குடை பிடித்தாள். மூன்று பேருமாக ஒரு விரல் நீளக் காதைக் காப்பாற்றிக்கொண்டு, நனைந்து, வழுக்கி, சிரித்துச் சிரித்து வயிறு வலிக்க, அய்யனார் கோவில் போய்ச் சேர்ந்தோம். மருதாயி கையை எடுத்தபோது காது இருந்தது. கொஞ்சம் நசுங்கி, அவள் கைரேகையோடு இருந்தது. பெரிய குதிரைகளின் காலடியில் சீனக் குதிரையை வைத்துவிட்டு அவள் அய்யனாரை நிமிர்ந்து பார்த்து, "சரியாப் போச்சா?" என்று கேட்டாள்.

குதிரைக்காரனை எங்கள் கூடத்தில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தாள். நீட்டிய கையும் ஓட்டையுமாக அவன் நின்றதைப் பார்த்த மறுநாளே, பூ கட்டுகிற நூலை அதில் கோத்து மாட்டிவிட்டாள். நல்ல பிடிமானமாம், ஆடுவதில்லையாம், முனகுவதில்லையாம். நான் பேப்பரோடு உட்கார்ந்தேன். கால் கட்டைவிரல் சும்மா கிடந்தது. எனக்கு ஒரு வரியும் ஓடவில்லை. கல்யாணத்திலிருந்து குறை சொல்லிவந்த வேலை போய்விட்டதற்கு இத்தனை வருத்தப்படுவேன் என்று நான் நினைக்கவேயில்லை.

அந்த நேரத்தில் அம்பலம் வந்தார். பொம்மையைப் பார்த்தார்.

"ஏம்மா மருதாயி, ஜோடியில்ல வாங்கிட்டு வந்த? குதிரை அங்க தனியா நிக்கிது. இந்த ஆளையும் கொண்டாந்து பக்கத்துல நிப்பாட்டிர்றதுதான?"

மருதாயி கட்டுவதை நிறுத்தினாள். பொம்மையின் கையிலிருந்து நூலைக் கழற்றினாள். என் பக்கம் திரும்பி உட்கார்ந்து, என் காலை இழுத்துக் கட்டைவிரலில் மாட்டினாள்.

"சாமிக்கு நேந்தது குதிரை மட்டுந்தான் அம்பலாரே," என்றாள். "இந்த ஆளு எனக்கு வேணும்."